மதுவின் குற்றமா, வார்த்த கையின் குற்றமா?

ஒரு பொருள் ஓரிடத்திற் குற்றமாகவும் மற்றோரிடத்திற் குணமாகவும் இருத்தல் கூடுமோ? கூடாதென்பதே அறிவு தரும் முதல் விடை. நெருப்பு நம் நாட்டிலுஞ் சுடும். பனி படர்ந்த நாட்டிலுஞ் சுடும். அங்ஙனமே, மனிதனை மயக்குவது மதுவின் இயல்பாயின் அஃது எந்நாட்டிலும் மயக்கத்தானே வேண்டும்? மயங்கிக் கிடத்தல் இழிவென்பது உண்மையாயின், அவ்வுண்மை கடல் கடந்தவுடன் பொய்யாகி விடுமோ? இவ்வினாவை நாம் ஏட்டிற் படித்து எழுப்பவில்லை. அயல்நாட்டு விருந்து மேசையொன்றில், முன்னே நிறைந்த கிண்ணம் இருக்க, சுற்றிலும் பதினைந்து பேர் நம் முகத்தையே நோக்கியிருக்க, விடை கூறியே தீரவேண்டிய நிலையில் எழுந்த வினா இது. ஆதலின் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறி, நாம் கண்ட முடிபை நேயர்கள்முன் வைக்கின்றோம்.

நாம் தொழிலாற் செம்பனைத் தோட்டக் கிராணி. பள்ளியிற் படித்தது ஆங்கில வழி. வளர்ந்தது தோட்டத்து லயத்தில். நம் தாய்வழிப் பாட்டனார் பால்மரஞ் சீவி வாழ்ந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, வெயிலேறுமுன் தம் பங்கு மரங்களைச் சீவி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலிற் கள்ளுக்கடைக்குச் செல்வார். மாலையில் அவரை வீட்டிற்கு அழைத்து வரும் வேலை நம் அன்னையாருடையது. அன்னையாருக்கு அப்போது வயது எட்டு. கடையின் வேலிக்கு வெளியே நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவார். அவர் தள்ளாடி வந்து மகளின் தோள்மீது கையூன்றி நடப்பார். எட்டு வயதுத் தோள் அச்சுமையை நாள்தோறும் தாங்கிற்று. நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளிற் பாட்டனார் ஈரல் கெட்டு இறந்தார். நமக்குப் பதினேழு வயதானபோது அன்னையார் நம்மை அருகிலழைத்து, எந்த மதுவையும் வாயில் வைப்பதில்லையென்று ஒரு வாக்கு வாங்கினார். அவ்வாக்கை இன்றளவும் காத்து வருகின்றோம்.

பாட்டனாரை நாம் கண்டதில்லை. அவரை நாம் சந்தித்தது ஒரு கணக்கேட்டில். சில ஆண்டுகட்கு முன், அவர் உழைத்த அதே தோட்டத்தில் நாம் வேலை பார்த்த காலத்து, அலுவலகத்தின் பழைய சாமான் அறையை ஒழிக்கும்போது கறையான் அரித்த பேரேடுகள் சில கிடைத்தன. ஒன்றிற் கூலி வழங்கிய கணக்கு. அதிற் பாட்டனாரின் பெயரும் இருந்தது. மற்றொன்றில் தோட்டத்துக் கள்ளுக்கடையின் விற்பனைக் கணக்கு. இரண்டையும் எழுதிய கை ஒன்றே: நம்மைப் போன்ற ஒரு கிராணியின் அழகிய ஆங்கிலக் கையெழுத்து. சம்பள நாளன்று ஓர் ஏட்டிற் செலவாகப் போன வெள்ளியில் ஒரு பகுதி, வாரம் முடியுமுன் மற்றோர் ஏட்டில் வரவாகத் திரும்பியிருந்தது. கூட்டலிற் பிழை ஒன்றுமில்லை. அன்றே ஓர் ஐயம் நம் உள்ளத்திற் புகுந்தது. பாட்டனாரைக் கொன்றது கள்ளா, அன்றிக் கணக்கா?

இவ்வையத்தோடுதான் நாம் ஜார்ஜியா சென்றோம். நாம் குறிப்பது அமெரிக்க மாநிலமன்று. கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கேசிய மலைத்தொடருக்குத் தெற்கே அமைந்த சிறு நாடு. அதன் தலைநகரான திபிலீசியில் நம் பள்ளித் தோழர் ஒருவர் தொழில் நிமித்தம் வாழ்கின்றார். திராட்சை அறுவடைக் காலத்தில் வந்தால் காகெத்தியைக் காட்டுவதாக எழுதினார். பிரான்சு, இத்தாலி நாடுகளின் மதுவை உலகமே அறியும். காகெத்தி என்ற பெயரையோ நம்மவருட் பலர் கேட்டிருக்கவும் மாட்டார். குடியாதவனுக்கு மது விளையும் நாட்டில் என்ன வேலை என்று உடன் வேலை பார்ப்போர் நகைத்தனர். அன்னையார் நகைக்கவில்லை. "போய்ப் பார்த்து வா, ஐயா, வாயில் மட்டும் வைக்காதே" என்றார். பகைவன் இன்னானென்று அறியாமலே பகைத்துக் கொண்டிருத்தல் அறிவுடைமையாகாது. ஆதலின் விடுமுறை நாட்களைச் சேர்த்து வைத்து ஓர் அக்டோபர் மாதத்திற் புறப்பட்டோம்.

திபிலீசியிலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொம்போரிக் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கினாற் காகெத்தி தோன்றும். நடுவே அலசானி ஆறு. வடக்கே பனி முடி தரித்த மலைச்சுவர். ஆற்றின் இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடி. ஜார்ஜிய நாட்டுத் திராட்சை மதுவின் மிகப் பெரும்பகுதி இப்பள்ளத்தாக்கிலேயே விளைகின்றது. தெலாவி இதன் தலைமை நகர். சிக்னாகி என்னும் ஊர், 18-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னர் எழுப்பிய மதிலோடு குன்றின்மேல் அமர்ந்து பள்ளத்தாக்கை நோக்கிக் கொண்டிருக்கின்றது. அதனருகே போத்பே மடத்திற் புனித நினோவின் கல்லறை இருக்கின்றது. 4-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற்குக் கிறித்தவத்தைக் கொணர்ந்த அப்பெண்மணி, திராட்சைத் தண்டுகள் இரண்டைத் தம் கூந்தலாற் கட்டிச் சிலுவையாக ஏந்தி வந்தார் என்பது அவர்தம் மரபுரை. கொடியை அம்மக்கள் எவ்வளவு உயர்வாகக் கருதுகின்றனர் என்பதற்கு அம்மரபுரையே சான்று.

இவ்வுயர்வு பழமையானது. திபிலீசிக்குத் தெற்கே கதச்ரிலி கோரா, சுலாவெரி கோரா என்னும் புதைமேடுகளிற் கிடைத்த மட்பாண்டத் துண்டுகளைச் சோதித்த அறிஞர்கள், அவற்றில் திராட்சை மதுவின் எச்சங்களைக் கண்டு 2017-இல் வெளியிட்டனர். அப்பாண்டங்களின் காலம் ஏறத்தாழ கி.மு. 6000. நமக்குத் தெரிந்தவரை திராட்சை மதுவிற்கு இத்துணைப் பழமையான சான்று வேறில்லை. அந்நாட்டிற்கே உரிய திராட்சை வகைகள் 500-க்கு மேல். காகெத்தியிற் பெரிதும் விளைபவை இரண்டு. இர்க்காட்சிதெலி வெண்திராட்சை, அதன் தண்டு சிவந்திருப்பதால் அப்பெயர். சப்பெராவி கருந்திராட்சை, பிற கருந்திராட்சைகளுட் பெரும்பாலானவற்றிற்குத் தோல் மட்டுமே நிறந்தர, இதற்குச் சதையுஞ் சிவப்பு. சாயம் என்னும் பொருளில் அப்பெயர் வந்ததாம்.

தோட்டத்தில் வாழும் நம் கண்ணுக்கு முதலிற் பட்டது வேறொன்று. நம் செம்பனை வரிசைகள் ஒரு கம்பெனியின் எல்லைக்கல்லில் தொடங்கி அதே கம்பெனியின் எல்லைக்கல்லில் முடியும். அங்கும் பெருந்தோட்டங்கள் உள. ஆயினும் ஊருக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு ஒரு கொடிப்பந்தல். அதன் நிழலில் ஒரு மேசை. வீட்டையொட்டி ஒரு மரானி. மரானி என்பது மது செய்யும் அறை. பார்த்த மாத்திரத்தில் அங்கே ஒன்றுமில்லையென்றே தோன்றும். தரையில் வட்ட வாய்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு வாயின் கீழும், முட்டை வடிவான ஒரு மட்கலம் கழுத்துவரை புதையுண்டு கிடக்கின்றது. அதனைக் க்வெவ்ரி என்பர். சிறியன சில பத்து லிட்டர் கொள்ளும். பெரியன சில ஆயிரம் லிட்டர் கொள்ளும். குயவர் களிமண்ணைத் திரித்து, வளையத்தின்மேல் வளையம் வைத்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக வாரக்கணக்கில் உயர்த்துகின்றனர். சூளையிலிருந்து எடுத்தபின் உள்ளே தேன்மெழுகு பூசுகின்றனர்.

அறுத்த பழத்தை, குடைந்த அடிமரத் தொட்டியிலிட்டுக் காலால் மிதித்துச் சாறெடுப்பது பழைய முறை. காகெத்தியார் சாற்றை மட்டும் கலத்திலிடுவதில்லை. தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் உடனிடுவர். பழத்தின் தோலிலுள்ள நொதியே பொங்க வைக்கும். பொங்குங்கால் மேலெழுந்து மிதக்குஞ் சக்கையை நாளுக்குப் பலமுறை உள்ளே அமிழ்த்திக் கலக்க வேண்டும். பொங்கல் அடங்கியபின் கல்மூடியிட்டுக் களிமண்ணால் அடைத்துவிட்டு ஐந்தாறு மாதம் காத்திருப்பர். பூமியின் குளிர்ச்சி கலத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும். விதையும் சக்கையும் கூரிய அடியிற் படிந்துவிடும். இளவேனிலிற் திறக்கும்போது வெண்திராட்சையின் மது தேன்மெழுகின் பொன்னிறம் பெற்றிருக்கும். இம்முறையை யுனெஸ்கோ 2013-இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. நாம் சென்ற மரானியின் முதியவர் அவ்வாண்டுக் கலத்தின் வாயிற் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே மெல்லிய கொதிப்பொலி கேட்டது. "மூச்சு விடுகின்றது" என்றார்.

பயணிகளுக்கென்று அமைந்த சுவை பார்க்கும் இல்லங்களிலும் நாம் புகுந்தோம். அங்கே ஒரு வழக்கம். சிறிது மதுவை வாயிலெடுத்து, நாவெங்கும் பரப்பி, சுவையறிந்தபின் பக்கத்திலுள்ள பாத்திரத்தில் உமிழ்ந்து விடலாம். தோழர் மகிழ்ந்து, "விழுங்காதது குடித்ததாகுமா? சுவையும் ஆயிற்று, வாக்கும் நின்றது" என்றார். வாதம் கூரியதே. அன்னையார் அஞ்சியது மயக்கத்தை, உமிழ்வோன் மயங்குவதில்லை. ஆயினும் அன்னையார் சொன்ன சொல் 'வாயில் வைக்காதே' என்பது. சொல்லைக் காப்பதா, கருத்தைக் காப்பதா என்று நெடுநேரம் எண்ணினோம். ஈற்றில் நமக்குப் புலனானது ஒன்று. வாக்கு என்பது கொடுத்தவனின் உடைமையன்று, வாங்கியவரின் உடைமை. கடன்பட்டவன் தானே நீதிபதியாயிருந்து தன் கடன் பத்திரத்திற்கு உரை வகுத்தல் தகாது. பொருளைத் தளர்த்தும் உரிமை அன்னையார்க்கே உண்டு, நமக்கில்லை. ஆதலின் மணத்தை மட்டும் நுகர்ந்தோம். வற்றிய பழமும், வாதுமைக் கொட்டையும், கொதித்த தேயிலையும் கலந்தாற் போன்ற மணம். அன்னையார் வாழ்நாள் முழுதும் வெறுத்த புளித்த வாடை அதில் இல்லை. நம் உள்ளம் அக்கணத்தில் அந்நாட்டை வியந்தது. நம் நாட்டை எண்ணி வெட்கியது.

அவ்வியப்போடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. 'அங்கே மது பண்பாடு. இங்கே மது பாழ்' என்று எழுதி முடித்திருப்போம். ஆனால் அந்நாட்டு வரலாற்றைக் கேட்கக் கேட்க, மதுவின் இயல்பு அங்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பது தெரிந்தது. 1614 முதல் 1617 வரை பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காகெத்தியைப் பாழாக்கினார். மக்கள் பலர் மாண்டனர், எஞ்சியோருட் பலர் பாரசீகத்திற்குப் பெயர்க்கப்பட்டனர், கொடிகள் வெட்டப்பட்டன. பெயர்ந்தவரின் வழியினர் ஈரானில் இன்றும் வாழ்கின்றனர். 1921-இல் நாடு சோவியத் ஆட்சியின் கீழ் வந்தது. நிலம் கூட்டுப்பண்ணையாயிற்று, மது ஆலைச் சரக்காயிற்று. எத்தனை லிட்டர் என்பதே கேள்வி, எத்தகையது என்பதன்று. நூற்றுக்கணக்கான வகைகள் ஒதுங்க, மிகுதியாகக் காய்க்குஞ் சில வகைகளே ஆலைக்கு விளைந்தன. மட்கலமும் பழைய முறையும் வீட்டுக் கொல்லைகளில் ஒளிந்து உயிர் பிழைத்தன.

பின்னர் 1985-இற் கோர்பச்சேவ் சோவியத் நாடெங்கும் மதுவெதிர்ப்பு இயக்கம் தொடங்கினார். அவ்வியக்கத்தில் திராட்சைக் கொடிகளும் வேரோடு பிடுங்கப்பட்டன. நாடு தனித்து நின்றபின், 2006-இல் உருசியா ஜார்ஜிய மதுவிற்குத் தடை விதித்தது. ஏற்றுமதியிற் பெரும்பகுதியை அந்நாடே வாங்கி வந்தமையால் உழவர் திகைத்தனர். வேறு நாட்டவர் விரும்பும் தரத்தைத் தேட வேண்டியதாயிற்று. கொல்லையில் ஒளிந்திருந்த மட்கலம் அப்போது மதிப்புப் பெற்றது. 2013-இல் அத்தடை நீங்கியது.

இங்கே நேயர்கள் ஒன்றை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். 1947-இற் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாயில்களில் மறியல் செய்தனர். தடியடியும் சிறையும் கண்டனர். கள்ளால் அழிந்த குடும்பங்களின் பிள்ளைகளே, தம் தந்தையரை மீட்பதற்காகக் கடையை மூடச் சொன்னார்கள். 1985-இல் நிகழ்ந்ததும் மதுவிலக்கே. 1947-இற் கேட்டதும் மதுவிலக்கே. ஒன்று, தொலைவிலிருந்த ஆட்சி உழவனின் கொல்லையில் நீட்டிய கோடரி. மற்றொன்று, பாதிக்கப்பட்டவன் தன் வாயிலில் தானே போட்ட தாழ். பெயர் ஒன்றாயினும் செயல் ஒன்றன்று. அங்ஙனமாயின் மது வார்ப்பதற்கும் இதே அளவுகோல் பொருந்துமன்றோ? வார்க்கும் கை யாருடையது, அதனால் ஆதாயம் பெறுவோர் யாவர் என்று கேளாமல், வார்த்த பொருளை மட்டும் நிறுத்துப் பார்த்தல் நீதியாகாது.

இக்கருத்து நம் உள்ளத்தில் உருவாகி வந்த வேளையிலேதான் அவ்விருந்து நிகழ்ந்தது. தோழரோடு பணியாற்றும் காகெத்தி இளைஞர் ஒருவர், தெலாவிக்கருகில் உள்ள தம் ஊருக்கு எம்மை அழைத்திருந்தார். மரானியில் நாம் கண்ட முதியவர் அவருடைய தந்தையாரே. இவ்விருந்தைச் சுப்ரா என்பர். பந்தலடியில் நீண்ட மேசை. மட்சூளையின் உட்சுவரில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி. திராட்சைத் தண்டுகளை எரித்த தணலில் வாட்டிய இறைச்சி. அக்ரூட் பருப்பை நூலிற் கோத்து, காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்து உலர்த்திய சுர்ச்கேலா. மேசைக்கு ஒரு தலைவர் உண்டு, அவரே தமாதா. அன்று முதியவர் தமாதாவாக இருந்தார்.

தமாதா எழுந்து வாழ்த்துக் கூறாமல் எவரும் அருந்துவதில்லை. இஃதே நம்மைப் பெரிதும் கவர்ந்தது. முதலில் அமைதிக்கு வாழ்த்து. பின் நாட்டிற்கு, பெற்றோர்க்கு, விருந்தினர்க்கு. ஒவ்வொன்றும் ஒரு சிறு சொற்பொழிவு. அவர் முடித்தபின் மற்றவரும் அதே பொருளில் ஒவ்வொருவராகத் தொடர்ந்து பேசுவர். 'வெற்றி உண்டாகுக' என்ற பொருளில் 'கௌமார்ஜோஸ்' என்பர். இடையிடையே ஆடவர் மூன்று குரலாகப் பிரிந்து பாடுவர். இம்மேசைப் பாடல்களுள் ஒன்றான சக்ருலோ, 1977-இல் வானில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் இசைத்தட்டில் மனித குலத்தின் குரல்களுள் ஒன்றாகச் சென்றிருக்கின்றது. சொல் முந்தி, கிண்ணம் பிந்தி வரும் மேசை அது. நம் கள்ளுக்கடையிலோ கிண்ணம் முந்தும். சொல் பிறகு குழறும்.

இம்முறை நம் தமிழுக்கும் புதிதன்று. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலை, கள் சிறிதாயின் தமக்கே ஈந்தும், பெரிதாயின் உடனிருந்து பகிர்ந்தும் மகிழ்ந்த அம்மன்னனின் அன்பை எண்ணி அழுவதாகும். யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதை அதே தொகைநூல் கூறும். அம்மதுவைச் சுமந்து வந்த மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் துண்டுகள், 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது கிடைத்தன. பிற்காலத்து வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஔவையும் நம்மவர், வள்ளுவரும் நம்மவர். ஒருவர் மேசையைக் கண்டார். மற்றவர் மேசை கவிழ்ந்தபின் வீட்டைக் கண்டார்.

நாமும் அன்றிரவு வீட்டைக் கண்டோம். மேசையில் ஆடவரே மிகுதி. தட்டுகள் வருவதும் போவதுமாக இருந்தனவேயன்றி, கொணர்ந்த கைகள் அமரவில்லை. தண்ணீர் வேண்டிச் சமையலறைக்குச் சென்றபோது, முதியவரின் மனைவியார் அடுப்பருகே நின்றிருந்தார். நாம் அருந்தாததை அவர் கவனித்திருக்கின்றார். காரணம் கேட்டார், இளைஞர் மொழிபெயர்க்க, நாம் சொன்னோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தம் தம்பியின் கதையைச் சொன்னார். 1990-களில் நாட்டிற் போரும் வறுமையும் இருளுமாக இருந்த காலம், ஆலை மூடப்பட்டது, வேலையற்ற தம்பி, சக்கையிலிருந்து வடித்த சாராயத்தை வீட்டிலிருந்தே குடித்துக் குடித்து மாண்டான். "மேசையில் அமர்ந்து குடிப்பவன் கெடுவதில்லை என்று ஆண்கள் சொல்கிறார்கள். என் தம்பியும் முதலில் மேசையில்தான் குடித்தான்" என்றார்.

நாம் கட்டிக்கொண்டு வந்த கருத்து அவ்விடத்தில் ஆட்டங் கண்டது. அவன் கொடி அவனுடையது, கலம் அவனுடையது, எந்தத் துரையும் அவனுக்கு விற்கவில்லை, எந்தக் கிராணியும் அவன் பணத்தை ஏட்டில் ஏற்றவில்லை. ஆயினும் மாண்டான். அவனைத் தூக்கிச் சுமந்த தோள் இவ்வம்மையாருடையது. வேலிக்கு வெளியே நின்ற எட்டு வயதுச் சிறுமியும், அடுப்பருகே நின்ற அறுபது வயது அம்மையாரும் ஒரே இடத்தில் நிற்பதாக நமக்குத் தோன்றிற்று. சொந்தக் கலம் என்பது மட்டும் காப்பாகாது. வார்க்கும் கையை நோக்கியது சரியே. சுமக்கும் தோளை நோக்க மறந்தோம்.

நாம் மேசைக்குத் திரும்பியபோது தமாதா இறந்தோர்க்கு வாழ்த்துக் கூற எழுந்தார். அதுவரை கிண்ணத்தைத் தூக்கிக் கீழே வைத்து வந்தோம், எவரும் பொருட்படுத்தவில்லை. இறந்தோர் வாழ்த்தில் அங்ஙனம் செய்தல் இயலாது. கடைசித் துளிவரை அருந்துவதே மரியாதை. அனைவரும் எழுந்து நின்றனர். தமாதா நம்மை நோக்கி, உங்கள் இல்லத்து இறந்தோருள் ஒருவரை நினைத்து அருந்துக என்றார். தோழர் நம் காதில், மருத்துவர் தடுத்திருக்கிறார் என்று சொல்லிவிடு என்றார். இறந்தவர் பெயரால் பொய் கூற நம் மனம் இசையவில்லை. ஆதலின் உண்மையைச் சொன்னோம். பாட்டனாரை, கடை வேலியை, சிறுமியின் தோளை, பேரேட்டின் இரு கணக்குகளை, கொடுத்த வாக்கைச் சொன்னோம். இளைஞர் ஒவ்வொரு வாக்கியமாகப் பெயர்த்துச் சொல்ல நேரமாயிற்று. எவரும் உட்காரவில்லை.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. வற்புறுத்துவாரோ, வருந்துவாரோ என்று நாம் அஞ்சினோம். அவர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து நம் தட்டில் வைத்தார். அந்நாட்டில் இறந்தோரை நினைக்கும்போது ரொட்டியின்மேல் மதுவைச் சிறிது வார்ப்பதும் ஒரு வழக்கம். "வாக்குக் கொடுத்தவன் வாக்கைக் காக்கட்டும். இறந்தவருக்காக ரொட்டி அருந்தும்" என்றார். நாம் பாட்டனாரின் பெயரை உரக்கச் சொல்லிக் கிண்ணத்தை ரொட்டியின்மேற் சாய்த்தோம். சிவந்த மது ஊறிப் பரவிற்று. வாயிலில் நின்ற அம்மையாரும் ஒரு துண்டு ரொட்டி எடுத்து வந்து, தம் தம்பியின் பெயர் சொல்லிக் கிண்ணத்திலிருந்து வார்த்தார். அவருக்கு மேசையில் இடம் விட்டனர்.

இனி நம் முடிபைக் கூறுவோம். மது தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மை. மயக்கும் ஆற்றல் அதன் இயல்பு. எம்மரபும் அவ்வியல்பை மாற்றியதில்லை. மரபு செய்வதெல்லாம், அவ்வாற்றலைச் சுற்றி ஒரு வேலி கட்டுவதே. சொல் ஒரு வேலி. மூத்தோர் ஒரு வேலி. தன் கையால் விளைவித்து ஆறு மாதம் காத்திருக்கும் பொறுமை ஒரு வேலி. நம் தோட்டங்களில் நிகழ்ந்த கொடுமை, அவ்வேலிகளையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கள்ளை மட்டும் கொடுத்ததாகும். மண்ணை இழந்து, ஊரை இழந்து, மேசையும் இல்லாது நின்ற மனிதனுக்கு, அவன் கூலியையே விலையாகப் பெற்றுக்கொண்டு மறதியை விற்றனர். அக்குற்றத்திற் பெரும்பங்கு வார்த்த கையினது. ஆயினும் ஏந்திய கையும் ஒரு கையே. பாட்டனார் முற்றும் குற்றமற்றவர் என்று நாம் கூறோம். அங்ஙனம் கூறினால் அவரை மனிதரென்று மதியாதவராவோம். அவருடைய பங்கு இத்துணை, பிறர் பங்கு இத்துணை என்று பிரித்தறிதலே நாம் அவர்க்குச் செய்யக் கூடிய நீதி.

ஒரு வழக்கம் நல்லதோ தீயதோ என்று ஐயம் எழுந்தால், இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதனால் ஆதாயம் யாருக்கு? இதன் சுமை யார் தோளில்? இவ்விரண்டிற்கும் விடை கூறக் கூசும் வழக்கம், எண்ணாயிரம் ஆண்டுப் பழமை உடையதாயினும் திருத்தத் தக்கதே. விடை கூற அஞ்சாத வழக்கம், அருந்தாதவனுக்கும் மேசையில் இடம் தரும்.

வீடு திரும்பியதும் அன்னையார் கேட்டது ஒன்றே: "வைத்தாயா?" இல்லையென்றோம். ரொட்டியில் வார்த்ததைக் கூறினோம். அன்னையார் நெடுநேரம் வாசலையே பார்த்திருந்தார். பிறகு, "அப்பா பெயரைச் சத்தமாகச் சொன்னாயா?" என்றார். சொன்னோம் என்றோம். அவ்வீட்டிற் பாட்டனாரின் படம் எக்காலத்தும் சுவரில் இருந்ததில்லை. அன்னையாரின் துணிப்பெட்டியின் அடியிற் கிடந்தது. மறுநாட் காலையில் அது சுவரில் இருந்தது. வாக்கும் இருக்கின்றது, படமும் இருக்கின்றது. இரண்டும் ஒரே வீட்டில் இருத்தல் கூடும் என்பதே, தொலைநாட்டுக் கொடிப்பந்தலின் கீழ் நாம் கற்று வந்த பாடம்.